பெரிய ராணுவ பலம் இருந்தும் கிராமங்களில் வேரூன்றிய ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது?

காடும் மலையும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. சத்தீஸ்கரின் பஸ்தரை எடுத்துக்கொள்கிறேன்.

1980 வாக்கில் ஆந்திரத்திலிருந்து, பின்னாளில் மாவோயிஸ்ட் கட்சியில் இணைந்த ஆயுத இயக்கமான மக்கள் யுத்தக் குழுவினர் கோதாவரியைக் கடந்து அங்கே போனார்கள். ஆதிவாசிகளிடம் அவர்கள் ஆரம்பத்திலேயே கையில் எடுத்த பிரச்சினைகளில் ஒன்று பீடி இலைக்கான கூலி. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த இலையைத் தெரியும். நனைத்துப் பதமாக்கி, கத்தரியால் அளவாக வெட்டுவார்கள். அதைப் பறிப்பவர்களோ கோடையில் அதிகாலையிலேயே காட்டுக்குப் போய், ஐம்பது ஐம்பது இலையாக அடுக்கிக் கட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். ஒரு கட்டுக்குச் சில பைசா கொடுத்துவந்த ஒப்பந்தக்காரர்கள், துப்பாக்கி வந்த பிறகு கூலியைக் கூட்டினார்கள். விறகு பொறுக்கினாலே மிரட்டிக் காசும் கோழியும் வாங்கிய வனத்துறை ஊழியர்களின் கெடுபிடி அடங்கியது. பிறகு இயக்கமே நிலத்தைப் பங்கிட்டது, வழக்குத் தீர்த்தது, அதே ஒப்பந்தக்காரர்களிடம் வரியும் வசூலித்தது. போலீஸுக்கு உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்ட கிராமத்தினரைக் கொன்றது. நன்றியும் பயமும் ஒரே வீட்டில் இருந்தன. அந்த வீட்டின் மகனோ மகளோ இயக்கத்தின் ஆயுதக் குழுவில் இருந்தால் பாதுகாப்புப் படை யாரைச் சுடும்?

மக்களைப் பிரித்துவிட்டால் இயக்கம் தனித்துப்போகும் என்ற கணக்கில் 2005-இல், அரசின் ஆதரவோடு மாவோயிஸ்டுகளுக்கு எதிராக உள்ளூர்க்காரர்களைத் திரட்டிய சல்வா ஜூடும் தொடங்கியது. ஊர்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உள்ளூர் இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. அண்ணன் தம்பி எதிரெதிரே நின்றார்கள். இதைவிட இயக்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 2010 ஏப்ரலில் பஸ்தரின் தாட்மேட்லாவில் மாவோயிஸ்டுகளின் ஒரே தாக்குதலில் 76 பாதுகாப்புப் படையினர் இறந்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு அப்படி ஆயுதம் கொடுத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.

2012 ஜூனில் பஸ்தரின் சர்க்கேகுடா கிராமத்தில் இரவில் கூடியிருந்தவர்கள் மீது படையினர் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதி விசாரணை ஆணையம் சொன்னது 2019-இல். இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த ஊர் ஏழு ஆண்டுகள் காத்திருந்தது.

2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு அபூஜ்மாட் காட்டில் கொல்லப்பட்டார். அக்டோபரில் மூத்த தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் சரணடைந்தார். சாலைகளும் அடுத்தடுத்துப் பாதுகாப்பு முகாம்களும், சரணடைந்தவர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் சேர்த்த மாவட்ட ரிசர்வ் படையும்தான் இதைச் சாதித்தன. ஆயுதப் பலத்தால் முடியவே முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி கிடைக்க வேண்டிய பட்டாவுக்கு அங்கே பலர் இன்னும் அலைகிறார்கள்.