ஏற்காடு தொகுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(சென்ற இதழில் "உங்கள் தொகுதியைப் பற்றிக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்காட்டைப் பற்றியே இருந்தன. ஏற்காட்டில் வாத்தியாராக இருந்து எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவன் என்பதால், இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.)

"ஏற்காட்டில் ஜெயிக்கிற கட்சிதான் கோட்டைக்குப் போகும் என்று என் அப்பா அடித்துச் சொல்வார். அது உண்மையா?" – வாசகர், வாழப்பாடி

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1991ல் அ.தி.மு.க.வின் சி. பெருமாள், 1996ல் தி.மு.க.வின் வி. பெருமாள், 2001ல் அ.தி.மு.க.வின் கே.டி. இளையகண்ணு, 2006ல் தி.மு.க.வின் சி. தமிழ்ச்செல்வன், 2011ல் மறுபடியும் சி. பெருமாள், 2016ல் அ.தி.மு.க.வின் சித்ரா. இந்த ஆறு பொதுத்தேர்தலிலும் ஏற்காட்டில் ஜெயித்த கட்சிதான் ஆட்சியில் உட்கார்ந்தது.

ஆனால் இதற்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு தேர்தல்களையும் சேர்த்துப் பாருங்கள். 1989 ஜனவரியில் நடந்த தேர்தல், எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு கழித்து வந்தது. இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. தி.மு.க. 150 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. சேவலுக்குத் தமிழ்நாடு முழுக்க 27 இடங்கள்தான். அந்த 27ல் ஒன்று ஏற்காடு. ஜெயித்தவர் இதே சி. பெருமாள். அப்புறம் 2021. கோட்டைக்குப் போனது தி.மு.க., ஏற்காட்டில் சித்ரா 25,955 ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாம் முறையாக ஜெயித்தார்.

ராசி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1991ல் தி.மு.க. மாநிலம் முழுக்க இரண்டே தொகுதிகளில்தான் ஜெயித்தது. 1996ல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அப்படிப்பட்ட அலைகளில் எந்தத் தொகுதியை எடுத்தாலும் ராசியான தொகுதியாகத்தான் தெரியும். 2021ல் எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்து தேர்தலைச் சந்தித்தார். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் சேலம் வடக்கு தவிர 10 தொகுதிகளும் அவருடைய கூட்டணிக்குப் போயின. மாவட்டம் போன வழியில்தான் ஏற்காடும் போனது.

"எங்கள் ஊரில் பழங்குடியினர் குறைவு. ஆனாலும் தொகுதி அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சி முறையில் மாறவே மாறாதா?" – வாசகர், அயோத்தியாப்பட்டணம்

இதே கேள்வியை, சற்றுக் கோபமாகவே, இன்னும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலில் வார்டு சுழற்சி உண்டு. சட்டமன்றத்தில் அப்படி இல்லை. பழங்குடியினருக்கான தொகுதிகள், அவர்களுடைய விகிதம் எங்கே அதிகமோ அங்கேதான் அமைய வேண்டும் என்பது தொகுதி மறுவரையறைச் சட்டம், அதாவது தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவதற்கான சட்டம். தமிழ்நாட்டில் 2001 கணக்குப்படி பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 234 தொகுதிகளில் அந்தப் பங்குக்கு இரண்டு இடங்கள்தான் வரும். 2008 மறுவரையறைக்கு முன் மூன்று இருந்தன: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியாபுரம். உப்பிலியாபுரம் தொகுதியே இல்லாமல் போனது. பச்சைமலைக்காரர்கள் தங்கள் ஆளை அனுப்ப இருந்த இடம் அதோடு போயிற்று. இப்போது மாநிலம் முழுமைக்கும் மிச்சம் இரண்டே இரண்டு.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மஞ்சக்குட்டை, மாரமங்கலம், நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி என்று ஏற்காடு ஒன்றியத்தில் இருப்பது ஒன்பது ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் ஏற்காடு தாலுகாவின் மொத்த மக்கள்தொகையே 40 ஆயிரத்துச் சொச்சம். தொகுதியின் வாக்காளர்களோ 2013லேயே இரண்டே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். தொகுதிக்கு மலையின் பேர் இருந்தாலும், ஓட்டு இருப்பது உங்கள் பக்கம்தான். யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அயோத்தியாப்பட்டணமும் வாழப்பாடியும்தான். ஜெயிப்பவர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம் மலைக்குக் கொடுத்திருக்கும் பிடி. அதையும் எடுத்துவிட்டால், பிரசாரத்துக்காகக்கூட இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர ஒரு வேட்பாளருக்கு என்ன அவசியம் இருக்கும்?

மலையாளிகள் என்று பட்டியலில் இருக்கும் எங்கள் மலை மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல), காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாறு சொல்வார்கள். பட்டக்காரர் என்ற தலைவரை வைத்து, நாடு என்ற மலைப்பகுதி வாரியாகத் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொண்டவர்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. சென்னையில் பேச ஒரு நாற்காலி கிடைத்ததுதான் புதிது. அது அவர்களிடமே இருக்கட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேட்பாளர் ஏற்காட்டிலேயே ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் சரி, இந்த மாநிலத்தின் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவராக இருந்தால் போதும்.

"2013 இடைத்தேர்தலில் ஏற்காடு தமிழ்நாட்டுக்கே முதலாவது என்று படித்தேன். எதில்?" – கல்லூரி மாணவி, ஏற்காடு

நோட்டாவில்.

சி. பெருமாள் பதவியில் இருக்கும்போதே 2013 ஜூலையில் காலமானார். டிசம்பர் 4ஆம் தேதி இடைத்தேர்தல். அ.தி.மு.க. அவருடைய மனைவி சரோஜாவை நிறுத்தியது, தி.மு.க. மாறனை நிறுத்தியது. மற்ற பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. அந்தச் செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் நோட்டா பட்டன் வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்புச் சொன்ன தலைமை நீதிபதி சதாசிவம் பக்கத்து ஈரோட்டுக்காரர். அந்தப் பட்டன் தமிழ்நாட்டில் முதலில் வந்தது நம் தொகுதி மெஷினில்தான்.

சரோஜாவுக்கு 1,42,771, மாறனுக்கு 64,655. நோட்டாவுக்கு 4,431. நோட்டாவுக்கென்று சின்னம் வந்தது 2015ல்தான். அன்றைக்கு வெறும் எழுத்து மட்டுமே. தேடிப் படித்து, கடைசி பட்டனுக்கு வந்து அழுத்திய 4,431 பேர்.

இது ஏன் பெரிய விஷயம் என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. அதற்கு முன்பு 49 ஓ என்ற விதி இருந்தது. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால், விரலில் மை வைத்த பிறகு பிரிசைடிங் ஆபீசரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் உங்கள் பேருக்கு நேரே குறிப்பு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். ஒரு மேஜை தள்ளிக் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். மலை கிராமத்தில் ஒரு கூலித் தொழிலாளி அதைச் செய்துவிட்டு ஊருக்குள் எப்படி நடமாடுவார்? 2013ல்தான் அவருக்கும் ரகசியம் கிடைத்தது. நோட்டா அதிகம் விழுந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். அந்தக் குறை இருக்கிறது. இருந்தாலும் அந்த ரகசியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

"பழைய ஓட்டுச் சீட்டில் எதற்காக அந்த ஸ்வஸ்திக் முத்திரை? பேனாவால் டிக் அடித்தால் போதாதா?" – வாசகர், அம்மாபேட்டை

நல்ல கேள்வி. 1996 வரை இங்கே சீட்டுதான். 2001ல் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்துவிட்டது. சீட்டை மடித்தால் ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பெருக்கல் குறியோ வட்டமோ போட்டிருந்தால், எது குத்தியது, எது ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த முத்திரையில் அம்புகள் ஒரே திசையில் சுற்றும். ஒட்டிய மையில் அவை எதிர்த்திசையில் சுற்றும். எண்ணுகிற மேஜையில் ஏஜெண்டுகள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் நெடுக்காக மடியுங்கள், அப்புறம் குறுக்கே என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்ததும் இதற்காகத்தான். நெடுக்காக மடித்தால் ஒரு சின்னத்தின் மை இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டாது.

"நாங்கள் சேலம் மாவட்டம். எம்.பி. மட்டும் ஏன் கள்ளக்குறிச்சிக்காரர்?" – வாசகர், நாகலூர்

2008 மறுவரையறையில் வந்தது. அதற்கு முன் ஏற்காடு, சேலம் மக்களவைத் தொகுதியில் இருந்தது. வாழப்பாடி ராமமூர்த்தி 1998ல் அங்கே ஜெயித்துத்தான் மத்தியில் பெட்ரோலிய அமைச்சரானார். 2009 முதல் ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்துவிட்டன. நாகலூரிலிருந்து மலையிறங்கி, சேலத்தைத் தொட்டு, ஆத்தூர் தாண்டி எம்.பி. அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த மறுவரையறையில் இதைச் சரிசெய்யச் சொல்லி ஊராட்சிகள் தீர்மானம் போட வேண்டும். ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும்போது எழுதிக் கொடுக்கவில்லை என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

"அம்மா காப்பித் தோட்டத்தில் தினக்கூலி. ஓட்டுப் போடப் போனால் அன்றைய கூலி கிடைக்காது என்கிறார்கள். சரிதானா?" – வாசகி, மாரமங்கலம்

சரியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். 2013 டிசம்பர் இடைத்தேர்தல் காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் வந்தது. அப்போதும் வாக்குப்பதிவு 90 சதவீதத்தை நெருங்கியது. அம்மாவின் தோட்டத்தில் கூலியைப் பிடித்தால், தேர்தல் நேரத்தில் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து தோட்டத்தின் பேரைச் சொல்லுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.