மைய வட்டத்திலிருந்து: உதைபந்தாட்டக் கேள்வி பதில்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்துக்கு மாலையில் வருகின்ற நண்பர்களும் இளைஞர்களும் என்னிடம் அவ்வப்போது கேட்டுவந்த கேள்விகளை எழுதித் தருமாறு வேண்டியிருந்தேன். வந்தவற்றுள் வெளிநாட்டு லீக் அமைப்பு, தடைப்பட்ட பருவகாலங்கள், நெடுந்தூரக் கோல்கள் ஆகியவற்றைப் பற்றியவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர்: சேர், இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே என்ன இருக்கிறது? ஒரு கழகம் எப்படி மேலே வருகிறது?

பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் ஏனைய 19 கழகங்களோடு சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் மோதுவதால், ஒரு கழகத்துக்கு 38 ஆட்டங்களும் மொத்தமாக 380 ஆட்டங்களும் வருகின்றன. கடைசி மூன்று இடங்களைப் பெறுபவை கீழே இறங்குகின்றன. அதன் கீழே சம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என்று மூன்று படிகளில் படிக்கு 24 ஆக 72 கழகங்கள் ஆடுகின்றன. சம்பியன்ஷிப்பில் முதலிரு இடங்களைப் பெறுபவை நேரடியாக மேலேறுகின்றன. அவற்றை அடுத்து நிற்கும் சில கழகங்கள் தமக்குள் மோதி மூன்றாவது இடத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த நான்கு படிகளுக்கும் கீழே நஷனல் லீக்கும், அதன் கீழே பிரதேச லீக்குகளும் ஏணிபோல இறங்கிக்கொண்டே போகின்றன.

இங்கிலாந்தின் லீக் 1888 இல் 12 கழகங்களோடு தொடங்கியபோதே, யாவரும் யாவரோடும் இரு மைதானங்களிலும் ஆட வேண்டும் என்ற விதி இருந்தது. புள்ளிப்பட்டியலை நாம் நம்புவதற்கு அந்த விதிதான் காரணம். கீழே வருகின்ற பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும் என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பயிற்றுநர்: அமெரிக்க லீக்கில் கடைசியாக வரும் அணி ஏன் இறங்குவதில்லை?

1996 இல் பத்து அணிகளோடு தொடங்கிய மேஜர் லீக் சொக்கர் ஏணி முறையில் அமைந்ததன்று. அங்கே அணி உரிமையாளர்கள் யாவரும் ஒரே நிறுவனத்தின் பங்காளிகளாக இருக்கிறார்கள். பணம் கட்டி உள்ளே வந்தவருடைய இடம் நிலையானது. கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக ஆடிய பின் விலகல் முறை ஆட்டங்களில் சம்பியன் தெரிவாகிறது. முதலீட்டைப் பாதுகாக்க அது நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடைசி வாரத்தில், கீழே இறங்கிவிடக் கூடாது என்று ஓர் ஊரே மைதானத்தில் திரண்டு நிற்கும் காட்சி அங்கே கிடைக்காது. என் மனம் ஏணியின் பக்கமே நிற்கிறது.

மூதூரிலிருந்து ஒருவர்: கொரோனாக் காலத்தில் சில நாடுகள் ஆட்டங்களை முடித்தன, சில நாடுகள் பாதியில் நிறுத்தின. எது நியாயம், அண்ணா?

ஜேர்மனி 2020 மே 16 இல் வெற்று அரங்குகளில் ஆட்டங்களை மீண்டும் தொடங்கி, 34 சுற்றுகளையும் முடித்தது. மார்ச் 13 இல் நிறுத்தப்பட்ட பிரீமியர் லீக் ஜூன் 17 இல் மீண்டும் தொடங்கி, ஜூலை 26 இல் நிறைவடைந்தது. பிரான்ஸ் ஏப்ரல் இறுதியிலேயே பருவகாலத்தை முடித்துக்கொண்டு பாரிஸ் சென் ஜெர்மைனைச் சம்பியனாக அறிவித்தது. நெதர்லாந்து சம்பியன் இல்லை, ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை என்று தீர்மானித்தது. அங்கே இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த கம்பூர் கழகம், ஏறவேண்டிய படியின் அடியிலேயே நின்றுவிட்டது. ஸ்கொட்லாந்தில் இன்னும் எட்டு ஆட்டங்கள் மீதமிருக்க, மேலே உள்ள கழகத்துக்கு நான்கு புள்ளிகள் மட்டுமே பின்னால் இருந்த ஹார்ட்ஸ் கழகம் கீழே இறக்கப்பட்டது.

இங்கிலாந்தின் லீக் வன் பிரிவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. அங்கே பருவகாலம் இடையிலேயே முடிக்கப்பட்டபோது கழகங்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை சமமாக இல்லாததால், பெற்ற புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்து நிரல்படுத்தினார்கள். பீற்றர்பரோ 35 ஆட்டங்களில் 59 புள்ளிகளோடு ஆறாவது இடத்தில் இருந்தது. வைக்கம் வொண்டரர்ஸ் அதே 59 புள்ளிகளை 34 ஆட்டங்களில் பெற்று எட்டாவது இடத்தில் இருந்தது. வகுத்துப் பார்த்தபோது பீற்றர்பரோவுக்கு 1.69 உம் வைக்கமுக்கு 1.74 உம் வந்தன. எட்டாவது இடத்தில் இருந்த வைக்கம் மூன்றாவது இடத்துக்குத் தாவியது. பீற்றர்பரோ ஏழாவது இடத்துக்குச் சரிந்து, மேலேறும் மூன்றாவது கழகத்தைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஆட்டங்களையே இழந்தது. வைக்கம் அந்த ஆட்டங்களை வென்று தன் வரலாற்றில் முதன்முறையாகச் சம்பியன்ஷிப்பை எட்டியது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் எஞ்சியிருந்த எதிரணிகள் வலியவையா எளியவையா, ஆட்டங்கள் சொந்த மைதானத்திலா வெளியூரிலா என்பவை எதுவும் அந்த வகுத்தலுக்குள் வருவதில்லை. ஆகையால், வீரர்களின் உடல்நலத்துக்குக் கேடில்லாமல் முடிக்கக்கூடிய பருவகாலத்தை எவ்வளவு தாமதமானாலும் முடிப்பதே நியாயம் என்று கருதுகிறேன். முடிக்கவே இயலாதபோது மட்டும் சராசரியை ஏற்கலாம். நெதர்லாந்து செய்ததுபோல உழைப்பை முற்றாக அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாலையூற்றிலிருந்து ஒரு பெரியவர்: போர்க்காலத்தில் ஆட்டங்கள் நின்று போனதை நாமும் கண்டவர்கள். அங்கே என்ன செய்தார்கள்?

ஐயா, 1939 ஓகஸ்ட் இறுதியில் இங்கிலாந்தில் பருவகாலம் தொடங்கியது. செப்டெம்பர் 3 இல் போர் அறிவிக்கப்பட்டபோது கழகங்கள் இரண்டு மூன்று ஆட்டங்களையே ஆடியிருந்தன. முதலிடத்தில் நின்ற பிளக்பூலின் வெற்றிகள் உட்பட யாவும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன; லீக் ஆட்டங்கள் 1946 இலேயே முறைப்படி திரும்பின. நம் காலத்தில் உக்ரைன் 2021-22 பருவகாலத்தைச் சம்பியன் இன்றியே நிறுத்தியது. ஆனால் 2022 ஓகஸ்டில் பார்வையாளர் இல்லாமல் மீண்டும் தொடங்கியது. வான் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தால் வீரர்கள் பதுங்குமிடத்துக்குப் போய், ஆபத்து நீங்கிய பின் வந்து எஞ்சிய நிமிடங்களை ஆடினார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நம் ஊரின் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. உங்களுக்கும் அப்படியே இருக்கும்.

குளிராலும் தடைப்பட்டதுண்டு. 1963 ஆம் ஆண்டின் கடும் பனியில், இங்கிலாந்தின் விலகல் முறைப் போட்டியான எப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்று முடிய மட்டும் 66 நாட்கள் பிடித்தன. மார்கழி அடைமழையில் குளமாகிப்போன மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் நமக்கு அந்தக் காத்திருப்பு விளங்கும்.

சீனக்குடாவிலிருந்து ஒரு வீரர்: 2023 இல் பிபா நம் நாட்டுக்கு விதித்த தடையால் என்ன இழந்தோம்?

வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரி 21 இல் விதிக்கப்பட்ட தடை ஓகஸ்ட் இறுதியில் நீங்கியது. அவ்வாண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் இலங்கை ஆடவில்லை. தடைக் காலத்தில் நம் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டிகளின் கதவு மூடப்பட்டிருந்தது. ஒரு வீரரின் நல்ல ஆட்ட வயது பத்து ஆண்டுகள்தான். அதில் ஏழு மாதங்களை நிர்வாகத் தகராறுக்குக் கொடுப்பது பெரும் இழப்பு.

திருக்கடலூரிலிருந்து ஒரு மாணவி: பெக்கம் பாதிக் கோட்டிலிருந்து அடித்த கோல் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

1996 ஓகஸ்ட் 17, பருவகாலத்தின் முதல் நாள். மன்செஸ்டர் யுனைட்டட் இரண்டு கோல்களால் முன்னணியில் இருந்தது. 21 வயதான டேவிட் பெக்கம், விம்பிள்டன் கோல்காப்பாளர் நீல் சல்லிவன் முன்னே வந்து நிற்பதைக் கண்டு, பாதிக் கோட்டுக்கு அருகிலிருந்து பந்தை அவருடைய தலைக்கு மேலால் அனுப்பினார். 1970 உலகக் கிண்ணத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராகப் பெலே முயன்று நூலிழையில் தவறவிட்டது இங்கே நிறைவேறியது என்பதே பலருடைய வியப்பு.

எனக்கு அந்தக் கோலில் இன்னொரு கதையும் தெரிகிறது. ஆட்டம் நடந்த செல்ஹர்ஸ்ட் பார்க் விம்பிள்டனின் சொந்த மைதானம் அல்ல. 1977 இல்தான் லீக்கில் சேர்க்கப்பட்டு, ஒன்பதே ஆண்டுகளில் முதற்பிரிவை எட்டிய அந்தக் கழகம், 1991 இல் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி இரவல் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னர் உரிமையாளர்கள் கழகத்தை மில்ட்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக முடிவெடுத்தபோது, இரசிகர்கள் 2002 இல் ஏ.எப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை ஒன்பதாவது படியிலிருந்து தொடங்கி, 2011 இல் நான்காவது படிக்கு ஏற்றிவிட்டார்கள். 2020 நவம்பரில் அவர்கள் பிளவ் லேனுக்குத் திரும்பிய முதல் ஆட்டம், கொரோனாக் கட்டுப்பாட்டால் ஒரு பார்வையாளரும் இன்றி நடந்தது. அவ்வளவு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அன்று வீட்டிலிருக்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: இதைவிடத் தொலைவான கோல்கள் உண்டா? கோல்காப்பாளர் அடிப்பது செல்லுமா?

செல்லும். 2013 நவம்பரில் ஸ்டோக் சிற்றியின் அஸ்மிர் பெகோவிச், ஆட்டம் தொடங்கிய 13 ஆவது விநாடியில் 91.9 மீற்றரிலிருந்தும், 2021 ஜனவரியில் நியூபோர்ட் கவுண்டியின் டொம் கிங் 96.01 மீற்றரிலிருந்தும் கோல் அடித்ததாகக் கின்னஸ் பதிவு செய்தது. இரண்டிலும் காற்றும், எதிர்க் கோல்காப்பாளருக்கு மேலால் எழும்பிய துள்ளலும் துணை நின்றன. கோல் உதையிலிருந்து நேரடியாகக் கோல் போடலாம். கையால் எறிந்து போட முடியாது.

ஆனால் குறிபார்த்து அடித்ததை நான் உயர்வாக மதிக்கிறேன். ஓராண்டு தள்ளிப்போய் 2021 இல் நடந்த ஐரோப்பிய நாடுகளின் யூரோ 2020 போட்டியில், செக் வீரர் பட்ரிக் ஷிக் ஸ்கொட்லாந்துக்கு எதிராக 45 மீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வளைத்து அடித்தது அத்தகையது. சார்லி அடம் 2015 இல் செல்சிக்கு எதிராக 66 யார் தொலைவிலிருந்து அடித்ததும் அத்தகையதே.

அதே மாணவி: நானும் முயலலாமா?

தாராளமாக முயலலாம், தங்கச்சி. பந்து வருவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி, கோல்காப்பாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். வந்த பின் பார்த்தால் அவர் பின்வாங்கிவிடுவார். ஐம்பது மீற்றரைக் கடக்கப் பந்துக்கு இரண்டரை விநாடிகளுக்கு மேல் ஆகும் என்பதால், அவர் கோட்டிலிருந்து குறைந்தது பத்துப் பன்னிரண்டு காலடிகள் முன்னே நின்றாலொழிய அடிக்க வேண்டாம். பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, பாதத்தின் மேற்புற எலும்பு படும்படி உதையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றை முதுகில் வாங்கும் பாதியிலே முயலுங்கள். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் அந்தப் பந்தை அருகில் நிற்கும் தோழிக்குக் கொடுத்துவிடுங்கள்.