பையனுக்கு முதல் மடக்குக் கத்தி: டர்பனிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இரண்டு மாதமே ஆன நிலையில், சாரணர் குழுவில் சேர்ந்துள்ள உங்கள் ஒன்பது வயது மகன் டிராகன்ஸ்பர்க் மலை முகாமுக்கு மடக்குக் கத்தி கேட்பதாகவும், எதை வாங்குவது, வாங்கித் தரலாமா என்றே புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே வீட்டு வாடகை, வாகன உரிமம், இட்லி அரிசி பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள். அவற்றைச் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். இட்லி அரிசி கிடைக்கும். கத்தியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அந்தப் பாடத்தை என் மகனின் விரலில் மூன்று தையல் போட்டுக் கற்றவர்கள் நாங்கள்.

நான் 2001இல் வந்தேன். வந்த மாதமே அலுவலக நண்பர் ஒருவர் எங்களைத் தம் பண்ணை வீட்டுக்கு, கரியடுப்பில் இறைச்சி வாட்டும் பிராய் விருந்துக்கு அழைத்திருந்தார். அங்கே அவருடைய ஆறு வயதுப் பையன் கால்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்து, பில்டாங் எனும் உலர்ந்த மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி என் மகனிடம் நீட்டினான். நான் பதறிப்போய் மகனை இழுத்துக்கொண்டேன். கத்தியைக் கண்டு பதறினேனா, மாட்டிறைச்சியைக் கண்டா என்று அவர்களுக்கு விளங்கவில்லை, எனக்கே விளங்கவில்லை. இத்தனைக்கும் நானே அந்த வயதில் அரை பிளேடால் பென்சில் சீவியவன், ஆச்சியின் அரிவாள்மனையில் தேங்காய்க் கீற்று நறுக்கியவன்.

அந்த வெட்கத்தில் மறுவாரமே ஒரு கடையில் மலிவாக, பத்துக் கருவிகள் கொண்ட கத்தி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதன் அலகு மழுங்கல். விரித்த அலகை நிறுத்தும் பூட்டு கிடையாது, உள்ளிருந்த வில்லும் (ஸ்பிரிங்) தளர்வு. குச்சியைச் சீவப் போனவன், கூர் இல்லாததால் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். முனை மரத்தில் சிக்க, அலகு பின்னோக்கி மடங்கி ஆள்காட்டி விரலை வெட்டிவிட்டது. பிள்ளைக்குக் கத்தி வாங்கும் பெற்றோர் கூரைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது மழுங்கலையும் மடங்கலையும்.

ஆகவே, முகாமுக்கு முன் ஒரு மாதமாவது, மடங்காத சிறிய காய்கறிக் கத்தியால் வெள்ளரிக்காயும் ஆப்பிளும் நறுக்கிப் பழகட்டும். பிறகு வாங்குங்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸில் முனை உருண்ட சிறுவர் கத்தி உண்டு. வில் உறுதியானது, ஆனால் பூட்டு இல்லை. என் தேர்வு பிரான்சின் ஓப்பினெல் 7ஆம் எண். அதிலும் முனை உருட்டிய சிறுவர் வகை இருக்கிறது, அலகு 8 செ.மீ. கழுத்திலுள்ள உலோக வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. 1955இல் வந்த அந்த ஏற்பாடு எளிது, குழந்தைக்கும் புரிகிறது. துருப்பிடிக்காத எஃகாகவே கேளுங்கள், நம் கடற்காற்றில் கார்பன் எஃகு சீக்கிரம் துருவேறும். ஒரு குறையும் உண்டு: டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அதன் மரப்பிடி உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுக்க விடாதீர்கள். பிடியின் பின்நுனியை மேசையில் தட்டினால் அலகு சற்று எழும்பும்.

ஒக்காப்பி மட்டும் வேண்டாம். ஜெர்மனியில் தொடங்கி, இப்போது நம் குவாசுலு-நடால் மாகாணத்திலேயே செய்யப்படும் கத்தி அது. பிடியில் பிறையும் நட்சத்திரமும் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மடக்குவதற்கு வளையத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும், சிறுவர் கைக்கு அது ஒத்துவராது. தவிர, நகரத்தில் அதற்கு அடிதடிக்காரர் கத்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கத்தியானாலும் பள்ளிப் பைக்குள் போகவே கூடாது. முகாம் முடிந்த மறுநாள் பையை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள்.

கற்றுக்கொடுப்பது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து அண்மையில் வந்தவர்கள், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரை, “அவர்களுக்குத் தமிழ் தெரியாது” என்று ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகளாக எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. தையல் பிரித்த பிறகு என் மகனைப் பழக்கியவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசித்த அத்தகைய ஒரு பெரியவர்தான். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கையை நீட்டிச் சுற்றினால் எவர்மீதும் படக்கூடாது, அலகு உடம்பை விட்டு வெளிநோக்கியே போக வேண்டும் என்று, கரும்புத் துண்டைச் சீவிக் காட்டியே சொன்னார், முழுக்க ஆங்கிலத்தில். ஆனால் கத்தியை அவர் ஒருமுறைகூட மகனின் கையில் கொடுத்ததில்லை. தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார், அவன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, தம் பாட்டி அப்படித்தான் செய்வார் என்றார். என் ஆச்சியும் அப்படித்தான். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பாள்.