மாமா விழுந்த விதம்

வணக்கம் சார்,

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஓர் ஆசானிடம் சின்ன வயதிலிருந்தே அடிமுறை (நம் பக்கத்துத் தற்காப்புக் கலை) படிக்கிறேன். இப்போது திருவனந்தபுரத்தில் பாக்ஸிங் சேர ஆசை. ஹெவிவெயிட் ஆவது என் கனவு (இப்போதைக்கு 71 கிலோ). ஆனால் ஆசானை விட்டுப்போவது துரோகமாகப் படுகிறது. குத்துச்சண்டை வீரர் லாரி ஹோம்ஸ் தன் ஆசானான முகமது அலியையே 1980-ல் அடித்து நொறுக்கினார் அல்லவா? நானும் அப்படி ஆகிவிடுவேனோ? 48 வெற்றிகளுக்குப் பிறகு ஹோம்ஸ் தோற்றது அந்தப் பாவத்தால்தான் என்கிறான் நண்பன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பாவக் கதையை நண்பனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் ஹோம்ஸைப் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார், தோல்வியே காணாத ராக்கி மார்சியானோவின் 49 வெற்றி என்ற சாதனை கைக்கு எட்டாமல் போனது. அவ்வளவுதான்.

ஆனால் ஹோம்ஸைத் துரோகி ஆக்கிவிட்டீர்களே, அதை விடமாட்டேன். அலி அவருக்கு ஆசான் அல்ல, முதலாளி. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ஈஸ்டன் என்ற ஊரில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் ஹோம்ஸ். டீர் லேக்கில் அலியின் பயிற்சி முகாமுக்குச் சம்பளத்துக்கு அடிவாங்கப் போனார். அலி குத்தி ஒரு கண் வீங்கியபோது ஹோம்ஸ் ஐஸ் வைக்க மறுத்துவிட்டாராம். ஊருக்குப் போய்க் காட்ட வேண்டுமே! அலிமேல் அவருக்கு இருந்த பிரியத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என் மாமாவும் அடிவாங்குகிறவர்தான். குழித்துறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் களரியில் ஆசானின் பூட்டுகளையெல்லாம் (கை காலை மடக்கிப் பிடிக்கும் பிடிகள்) அவர் உடம்பில்தான் செய்துகாட்டுவார்கள். கோவில் கொடைத் திருவிழா நாட்களில் ஊரே கூடி நிற்கும். ஆசானுக்கு வயதானது, கை நடுங்க ஆரம்பித்தது. மாமா விழுவதை நிறுத்தவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசானின் முழங்கை வந்து சேர்வதற்குள் மாமாவின் இடது கால் தானாக மடங்கும், ஒரு கை முன்கூட்டியே மண்ணைத் தேடும், அதற்கப்புறம்தான் ‘அம்மா’ என்ற சத்தம் வரும். ஜனங்கள் கைதட்டுவார்கள், ஆசான் மீசையைத் தடவிக்கொள்வார். மரியாதை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மரியாதையை நம்பித்தான் மறுவருஷக் கொடையில், பாறசாலையிலிருந்து வந்த ஒரு பையன் கூப்பிட்டதும் கிழவர் கச்சையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பையனுக்கு விழத் தெரியாது. ஆசானின் காறை எலும்பு முறிந்தது. ஊர் அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தது. மாமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் மாமாமேல்தான்.

அலியைச் சுற்றியும் இப்படி விழுந்துகொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வயது 38, இரண்டு வருடமாகச் சண்டை இல்லை. எடையைக் குறைத்து, நரைக்குச் சாயம் பூசி வந்து நின்றபோது பழைய அலியே திரும்பிவிட்டார் என்று அவரையும் நம்பவைத்தார்கள். அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். ஹோம்ஸின் இடது கை ‘ஜாப்’ (நேராக நீட்டிக் குத்தும் வேகக் குத்து) சுற்றுக்குச் சுற்று முகத்தில் வந்து விழுந்தது. மூன்று நடுவர்களும் ஒரு சுற்றைக்கூட அலிக்குத் தரவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அவர் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? என் மாமாபோல விழுந்திருக்க வேண்டுமா? விழுந்திருந்தால் அலி இன்னும் நாலைந்து சண்டைக்கு ஒப்புக்கொண்டிருப்பார். இவ்வளவு அடிபட்டும் அடுத்த வருடம் டிரெவர் பெர்பிக் என்ற வீரரோடு ஒரு தடவை மேடை ஏறினாரே! திட்டுவதென்றால் அந்த 1980 சண்டையை ஏற்பாடு செய்தவர்களையும் உரிமம் கொடுத்தவர்களையும் திட்டுங்கள்.

இன்னொன்று. 1988-ல் 21 வயது மைக் டைசன் ஹோம்ஸை நாலாவது சுற்றில் மூன்று முறை கீழே தள்ளினாரே, அன்று ஹோம்ஸுக்கு என்ன வயது தெரியுமா? அதே 38. அவரும் அதற்குமுன் ஏறக்குறைய இரண்டு வருடம் சும்மா இருந்தவர்தான். டைசன் துரோகி என்று யாரும் எழுதவில்லை.

சரி, உங்கள் விஷயம். திருவனந்தபுரம் போங்கள். ஆசானிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள், வாட்ஸ்ஆப்பில் வேண்டாம். இரண்டு திட்டு திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஹெவிவெயிட் கனவை மட்டும் மூட்டை கட்டி வையுங்கள். தொழில்முறையில் அதற்குக் கிட்டத்தட்ட 91 கிலோவுக்கு மேல் வேண்டும். மரச்சீனியும் மீன்குழம்பும் தின்று இருபது கிலோ ஏற்றினால் தொப்பைதான் வரும். உங்கள் எடையிலேயே குத்துங்கள். முதல் நாளே மவுத் கார்ட் வாங்கிவிடுங்கள்.