தொட்டித் தண்ணீரில் 38 வோல்ட்: கசியவிடுவது பம்ப்தானா?

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியில் கையை விட்டால் விரலில் உள்ள சின்னக் காயத்தில் சுரீரென்கிறது. தண்ணீருக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 38 வோல்ட் காட்டுகிறது. சம்ப்பிலிருந்து (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினால் 5 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பம்ப்பையே மாற்றிவிட்டேன், புதியதிலும் அதே 38. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் டைட்டானியம் கம்பி போட்டால் போதுமா?

பதில்: எல்லாப் பிளக்குகளையும் கழற்றாமல் இனி அந்தத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். சுரீரென்று உறைத்தால் உங்கள் உடல் வழியாகக் கொஞ்சமாவது மின்னோட்டம் போகிறது என்று அர்த்தம்.

பம்ப் பெரும்பாலும் நிரபராதி. அது நின்றதும் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் இறங்குவதும் நின்றுவிடுகிறது. அதுவரை மேல்தொட்டியையும் சம்ப்பையும் ஓடும் உப்புநீர் ஒரு கம்பிபோல இணைத்திருந்தது. நீரோட்டம் அறுந்ததும் இரண்டும் தனித்தனித் தொட்டிகள். சம்ப்பில் கிடக்கும் ஹீட்டரோ, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் பம்ப்போ கசியவிட்டாலும் மேலே அளவு விழுந்துவிடும். பழி பம்ப்பின் தலையில் விழும். ஆகவே ரிட்டர்ன் பம்ப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, இந்த முறை சம்ப் தண்ணீரில் அளந்து பாருங்கள். அங்கே 38 அப்படியே இருந்தால், மூலம் சம்ப்பில் உள்ள வேறொரு சாதனம்.

அளப்பதற்கு முன் எர்த் சரியா என்று உறுதி செய்யுங்கள். சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே வரும் அளவு, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் சரியில்லை. தண்ணீரில் எடுத்த எந்த எண்ணையும் நம்ப முடியாது. மீட்டர் ஒயர்கள் வோல்ட் துளையிலும் பொதுத் துளையிலும் (COM) இருக்கட்டும். ஆம்பியர் துளையில் செருகிக்கொண்டு சாக்கெட்டைத் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

அடுத்து அந்த 38 என்ற எண். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அவ்வளவு பெரிய தடை, பழுதே இல்லாத பம்ப்பின் சுருளிலிருந்து பிளாஸ்டிக் உறையைத் தாண்டித் தூண்டப்படும் மின்னழுத்தத்தைக்கூடக் காட்டிவிடும். அதற்குப் பின்னால் உந்தும் பலம் கிடையாது. பலம் இருக்கிறதா என்று பார்க்க, மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து மறுபடி அளவிடுங்கள். மின்சாரம் பாயும்போது ரெசிஸ்டரின் கால்களை விரலால் தொட வேண்டாம், கிளிப் போட்டுவிடுங்கள். 38 என்பது 2, 3 வோல்ட்டாகச் சரிந்தால் அது வெறும் தூண்டல்: 3 வோல்ட்டை 100 கிலோ ஓமால் வகுத்தால் 0.03 மில்லி ஆம்பியர்தான். முப்பதுக்கு மேலேயே நின்றால் அது உண்மையான கசிவு. நடுவில் எங்காவது நின்றாலும், சாதனங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்வரை கசிவென்றே நடத்துங்கள்.

ரெசிஸ்டரை எடுக்காமலேயே எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது; ஒயரிங் மாறியிருந்தால் அது நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டு லைனை உயிரோடு விட்டுவிடும். அளவு பூஜ்யத்துக்கு வந்ததும், ஒரு நேரத்தில் ஒரே சாதனத்தை மட்டும் செருகி, அது இருக்கும் தொட்டியிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டரைச் சோதிக்கும்போது வெப்பநிலையைக் கூட்டி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு அளவிடுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்: தெர்மோஸ்டாட் அணைந்திருந்த நேரத்தில் அளந்துவிட்டு, ஹீட்டர் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் நிலையில் முதல் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். கண்ணாடியில் மயிரிழை விரிசல், மூடியின் ரப்பர் தளர்வு, இரண்டும் சகஜம். அடுத்தது ஸ்கிம்மர் பம்ப்பின் சுருளை மூடியிருக்கும் எபாக்சி பிசினில் வெடிப்பு, தொட்டி விளிம்பில் நசுங்கிய ஒயர், உப்புப் பூத்த பிளக். அடாப்டரில் ஓடும் டிசி பம்ப்பும், நீரைத் தொடும் உலோக உடல் கொண்ட எல்இடி விளக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் பல பத்து வோல்ட் காட்டலாம். அடாப்டருக்குள் உள்ள சிறு கெப்பாசிட்டர்தான் அதற்குக் காரணம். ரெசிஸ்டர் போட்டதும் கணிசமாகச் சரிந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம்.

பழுது ஹீட்டரில் என்றால் பிளக்கைக் கழற்றி, 15 நிமிடம் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுங்கள். சிலிகான், டேப் ஒட்டுவேலை எதுவும் உப்புநீரில் நிற்காது, தூக்கி எறியுங்கள். பழுதடைந்த சாதனத்திலிருந்து செம்பு கரைந்திருக்கலாம். இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு. செம்புச் சோதனை செய்து, கால் பங்கு தண்ணீரை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

ஆர்சிசிபி விழாததில் வியப்பில்லை. லைனில் போன மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்றுதான் அது பார்க்கிறது. கண்ணாடித் தொட்டியிலிருந்து தரைக்கு வழியே இல்லாதபோது கசிவு எங்கும் ஓடாது, வித்தியாசமும் தெரியாது. உங்கள் கை அந்த வழியைத் திறக்கும்போதுதான், அதுவும் 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால்தான், அது விழும். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு விழும் சுவிட்ச்) மட்டும் இருந்தால் ஷாக்கிலிருந்து அது காப்பாற்றாது.

டைட்டானியம் கம்பி அந்த வழியை முன்கூட்டியே தருகிறது. பெரிய கசிவு வந்த கணமே ஆர்சிசிபி விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாமல் கம்பி மட்டும் போட்டால், கசிவு மின்னோட்டம் நாள் முழுக்கத் தண்ணீர் வழியாக, மீன்கள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். பழுதைக் களையாமல் போட்டாலோ மீட்டர் பூஜ்யம் காட்டும், பழுது உள்ளேயே இருக்கும். எனவே பழுதை நீக்கிய பிறகு, மேல்தொட்டிக்கு ஒன்று, சம்ப்புக்கு ஒன்று என இரண்டு போடுங்கள். பம்ப் நின்றால் அவை தனித்தனி என்பது நினைவிருக்கட்டும். செம்புக் கம்பியையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ மாற்றாக வைக்க வேண்டாம். முடிந்தால் ஹீட்டரையும், தொட்டி நீரைச் சுழற்றும் அலை பம்ப்பையும் வெவ்வேறு ஆர்சிசிபியில் பிரித்துவிடுங்கள். நள்ளிரவில் ஒன்று விழுந்தாலும் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும், மீன்களுக்கு மூச்சு முட்டாது.