வெள்ளைச் சுவர் ஏன் சாம்பலாகிறது? கேமரா கேள்வி-பதில்

எஃப் 2.8-ல் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை பெரிது, எஃப் 16-ல் சிறிது. ஏன் இந்தத் தலைகீழ்க் கணக்கு?

அது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸில் மி.மீ. கணக்கில் குறித்திருப்பது) துளையின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. துளை என்றால் எஃப் 2. துளை 6.25 மி.மீ. ஆகச் சுருங்கினால் எஃப் 8. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும்தானே! 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும். இந்தப் பாதியைத்தான் ‘ஒரு ஸ்டாப்’ என்கிறோம். ஒளி உள்ளே விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரை 1/125 நொடியிலிருந்து 1/250-க்கு மாற்றினாலும் அதே ஒரு ஸ்டாப் ஒளிதான் குறையும்.

வெள்ளைச் சுவரை ஆட்டோ மோடில் எடுத்தேன், அழுக்குச் சாம்பலாக வந்தது. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. எதிரே இருப்பது சுவரா, பனியா, கறுப்புப் பூனையா என்பது கேமராவின் மீட்டருக்குத் தெரியாது. வரும் ஒளியை அளந்து, காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை, தீர்மானிக்கிறது. படச்சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். கறுப்புப் பூனைக்கு இதற்கு நேர்மாறு: கூட்டிவிடும், பூனை வெளுத்துப்போகும்.

மருந்து, பிளஸ்-மைனஸ் குறியிட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டன். வெள்ளைக்குப் பிளஸ் 1-இல் தொடங்குங்கள், கறுப்புக்கு மைனஸ் 1. முதலில் மனசு ஒப்பாது. வெள்ளைக்கு எதற்கு இன்னும் வெளிச்சம் என்றுதான் தோன்றும். அப்புறம் ஹிஸ்டோகிராமை, அதாவது இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் மோதி வெட்டுப்பட்டு நின்றால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது, கொஞ்சம் குறையுங்கள். வேலை முடிந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். நான் மறந்துபோய், மறுநாள் காலை முழுக்க வெளிறிய படங்களாக எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

படம் மங்கலாக வருகிறது. ஃபோகஸ் தவறா, கை நடுக்கமா?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் மங்கி, பின்னாலிருக்கும் செடி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆட்டோ ஃபோகஸ் புள்ளிகள் எல்லாவற்றையும் கேமராவின் கையில் கொடுக்காமல், ஒரே புள்ளியைத் தேர்ந்து கண்ணின் மேல் வையுங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். கையில் பிடித்து எடுக்கக் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி, 50-க்கு 1/50 என்பது பழைய ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கு. ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் அதைவிடச் சிறியதென்றால் இன்னும் வேகம் வேண்டும்.

பின்புலம் கூர்மையாக இருந்து ஓடும் குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தாலும் அது உங்கள் கையைத்தான் அடக்கும், குழந்தையை அல்ல! 1/500 வையுங்கள். கூடவே, நகர்பவரை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாறுங்கள். நிக்கானில் அதன் பெயர் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ (டிஎஸ்எல்ஆர் மாடல்களில் ஏஐ சர்வோ).

ஐஎஸ்ஓ ஏற்றினால் சென்சாருக்குள் அதிக ஒளி போகுமா?

போகாது. ஒளியைத் தீர்மானிப்பவை துளையும் ஷட்டரும். ஐஎஸ்ஓ, கிடைத்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒளி குறைவாகக் கிடைத்ததால் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸும் சேர்ந்தே பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் நடுங்கிய படத்தைவிட நாய்ஸ் உள்ள படம் மேல் என்பது என் கட்சி.

எஃப் 1.8-இல் குழுப் படம் எடுத்தால் பின்வரிசை மங்குகிறதே?

துளை பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். எஃப் 5.6 அல்லது 8 வைத்து, முன்வரிசையில் ஒருவர் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். அதற்காக எஃப் 22 வரை போக வேண்டாம். துளை மிகவும் சுருங்கினால் ஒளி விளிம்பில் வளைந்து, படம் முழுக்கக் கொஞ்சம் மொழுக்கென்றாகிவிடும்.