ஸ்டீபன் கிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோபியிலிருந்து ஓர் ஆசிரியை: திகில் கதைகள் எழுதும் ஸ்டீபன் கிங்கும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தானா அண்ணா?

ஆமாம் அம்மிணி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஹாம்ப்டனில் ஆங்கிலம் கற்பித்தார். வீட்டில் கடும் பணமுடை. 'கேரி' நாவலின் முதல் சில பக்கங்கள் பிடிக்காமல் கசக்கி எறிந்துவிட்டார். மனைவி தபிதாதான் குப்பைக்கூடையிலிருந்து அவற்றை எடுத்து, சிகரெட் சாம்பலைத் தட்டி, சுருக்கம் நீவிப் படித்துவிட்டு, தொடர்ந்து எழுதச் சொன்னார். நாவல் 1974இல் வந்தது. முன்பணம் 2,500 டாலர்தான். ஆனால் பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போனது, அதில் பாதி கிங்குக்கு. தபிதாவும் நாவலாசிரியர் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சங்ககிரி வாசகர்: அவர் எழுதியதில் உங்களை அதிகம் உலுக்கியது எது?

'பெட் செமட்டரி', 1983. சந்தேகமே இல்லை. ஓரிங்டனில் கிங் குடியிருந்த வீட்டின் முன்னால் லாரிகள் ஓயாமல் பறக்கும் சாலை. அதில் அடிபட்டுச் செத்த நாய், பூனைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் புதைத்து வந்தார்கள். மகளின் பூனையும் அங்கேதான் போயிற்று. ஒருநாள் சின்ன மகன் சாலையை நோக்கி ஓடினான், பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் போயிருந்தால்? நாவல் அந்தக் கேள்விதான். உங்கள் ஊரில் சாலையோரம் குழந்தை வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதைத்ததைத் திருப்பித் தரும் மண் ஒன்று கதையில் இருக்கிறது. திரும்பி வருவது பழைய உயிர் இல்லை என்று தெரிந்தும், மருத்துவரான தகப்பன் மண்வெட்டியை எடுக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேயைவிட அந்தப் பாசம்தான் பயமுறுத்துகிறது. கிங்கே இதை வெளியிடத் தயங்கி ஒதுக்கி வைத்திருந்தார். பழைய பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் பாக்கி இருந்தது, அதற்காகக் கொடுத்தார்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: 'தி ஷைனிங்' படம் பார்த்துவிட்டேன். நாவலும் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள் தம்பி. ஸ்டான்லி குப்ரிக்கின் 1980ஆம் ஆண்டுப் படம் கிங்குக்குப் பிடிக்கவில்லை. காரணம் நாவலில் தெரியும். படத்தில் தகப்பன் தொடக்கத்திலேயே கோணலாகத் தெரிகிறான். நாவலில் அவன் குடியை விட்டவன், மகன்மேல் உயிரை வைத்திருப்பவன். குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் ஓட்டலைக் காவல் காக்கக் குடும்பத்தோடு போகிறான், அந்த ஓட்டல் அவனை அங்குலம் அங்குலமாகத் தின்கிறது. கொலராடோவில் பருவம் முடிந்து மூடவிருந்த ஸ்டான்லி ஓட்டலில் ஓர் இரவு தங்கியபோது உருவான கதை இது. கிங்கை முதன்முதலில் படிப்பவர்கள் இதில் தொடங்கலாம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'இட்' பிறகு இருக்கட்டும்.

திருப்பூர் வாசகர்: பேய்க்கதையெல்லாம் இலக்கியமா?

2003இல் அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளை இவருக்குப் பதக்கம் அளித்தபோது, விமர்சகர் ஹரால்ட் ப்ளூம் இதையே கேட்டுக் கொதித்தார். நான் பதக்கம் கொடுத்தவர்கள் பக்கம்.